விண்வெளி நிலையம், ஒரு நபர்: எழும்பூர் டிராவல்ஸ் மேஜையிலிருந்து ஒரு மதிப்பீடு

2025 ஜூன் 25, புதன்கிழமை. காலை பதினொன்றரை மணி இருக்கும். தலைமையாசிரியர் ஐயா எங்கள் ஆபீஸுக்கு வந்தார். ஆடி அமாவாசைக்குக் கயா போகும் குரூப்பில் அவரும் உண்டு, மீதிப் பணம் கட்ட வந்திருந்தார். ரசீது எழுதும்போது, காலண்டர் மேல் சாய்த்து வைத்திருந்த என் போனைப் பார்த்துவிட்டார். அதில் ஃபுளோரிடாவின் நடு இரவில், விளக்கு வெளிச்சத்துக்கு நடுவே ஒரு வெள்ளை ராக்கெட் புகைந்துகொண்டு நின்றது. விண்வெளி நிலையம் போக நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லா ஏறி உட்கார்ந்தாகிவிட்டது, கிளம்ப இன்னும் அரை மணி நேரம்.

ஐயா ரசீதை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஏம்மா, இந்த மாதிரி போகணும்னா உங்ககிட்ட விசாரிக்கலாமா?"

எங்கள் ஆபீஸில் விசாரணை நோட்டு ஒன்று உண்டு. நீளமான கணக்கு நோட்டு. தேதி, பெயர், போக வேண்டிய இடம், எத்தனை பேர், நிலை என்று ஐந்து கட்டம். வாய் வார்த்தையாகக் கேட்டாலும் அதில் ஏறிவிட வேண்டும் என்பது அப்பா காலத்துப் பழக்கம். அன்றைய பக்கத்தில் எழுதினேன்: தலைமையாசிரியர் ஐயா, விண்வெளி நிலையம், 1 நபர். நிலை என்ற கட்டத்தில், "விசாரித்துச் சொல்ல வேண்டும்".

26 வருடமாகக் காசி, கயா, பத்ரிநாத், முக்திநாத் என்று ஆட்களை அழைத்துப் போகிறேன். ஒருவர் கேட்டுவிட்டால் விசாரித்துச் சொல்வதுதான் என் வேலை. அப்படி விசாரித்ததுதான் இந்த மதிப்பீடு. நான் போய் வந்தவள் இல்லை. நான்கு பயணங்களின் நேரலையையும் பார்த்தேன், நாசா வெளியிட்ட கட்டண விவரத்தைப் படித்தேன், போனவர்கள் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டேன். ஒரு புது பேக்கேஜை என் ஆட்களுக்குக் கொடுக்கும் முன் எதை எதைப் பார்ப்பேனோ, அதையெல்லாம் இதிலும் பார்த்தேன்.

முதலில், விற்பது யார்? ஆக்ஸியம் ஸ்பேஸ். அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் நிறுவனம், 2016-ல் தொடங்கியது. வண்டி அவர்களுடையது இல்லை. ராக்கெட்டும் டிராகன் கலமும் ஸ்பேஸ்எக்ஸுடையவை. தங்கும் இடமும் அவர்களுடையது இல்லை. பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டரில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம், நாசாவும் ரஷ்யாவும் ஐரோப்பாவும் ஜப்பானும் கனடாவும் சேர்ந்து நடத்துவது. ஆக, ஆக்ஸியம் செய்வது எங்கள் தொழில்தான். பஸ் ஒருவருடையது, ரூம் இன்னொருவருடையது, ஆட்களைச் சேர்த்து, பழக்கி, கூட்டிப் போய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு நம்முடையது. இது புரிந்த பிறகு எனக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது.

இதுவரை நான்கு குரூப். 2022 ஏப்ரலில் ஆக்ஸ்-1, 2023 மே மாதம் ஆக்ஸ்-2, 2024 ஜனவரியில் ஆக்ஸ்-3, 2025 ஜூனில் நம் ஆள் போன ஆக்ஸ்-4. ஒவ்வொன்றிலும் நான்கு பேர். 10 நிமிடம் மேலே போய் இறங்கிவிடும் ராக்கெட் சவாரியையும் விற்றிருக்கிறார்கள், அதையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். இது போய்த் தங்கி வருவது.

விலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எனக்கு மிகுந்த மதிப்பும் ஒரு குறையும் சேர்ந்து வந்தன.

2019 ஜூனில் நாசா ஒரு கட்டணப் பட்டியல் போட்டது. அதைப் படித்தபோது நல்ல லாட்ஜில் ரிசப்ஷனுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பலகையைப் பார்த்த மாதிரி இருந்தது. மூச்சுக் காற்றுக்கான ஏற்பாடும் கழிப்பறையும் ஆளுக்கு நாளைக்கு 11,250 டாலர். சாப்பாடு, மருந்து முதலிய பொருட்களுக்கு 22,500 டாலர். மின்சாரம் ஒரு யூனிட் 42 டாலர். இன்டர்நெட் ஒரு ஜிபி 50 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 3,500 ரூபாய். எல்லாம் சேர்ந்து ஒரு இரவுக்கு ஏறத்தாழ 35,000 டாலர், நம் கணக்கில் 24 லட்சம் ரூபாய். 2021-ல் அதை மாற்றினார்கள். நிலையத்தில் இருக்கும் வீரர்கள் நமக்காகச் செலவிடும் நேரத்துக்கு ஒரு பயணத்துக்கு 52 லட்சம் டாலர், திட்டமிடுவதற்கும் ஒருங்கிணைப்பதற்கும் 48 லட்சம் டாலர். சாப்பாடு மட்டும் ஆளுக்கு நாளைக்கு 2,000 டாலர். சாமான் மேலே கொண்டுபோய்ச் சேர்த்து, கழிவை அகற்றுவதற்கு ஆளுக்கு நாளைக்கு 88,000 டாலரிலிருந்து 1,64,000 டாலர் வரை.

அந்தக் கடைசி எண்ணில் நான் நின்றுவிட்டேன். தின்னும் சோற்றைவிட, அதைத் தூக்கிக்கொண்டு போகும் கூலி நாற்பது மடங்குக்கு மேல். முக்திநாத் போகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள், கீழே 20 ரூபாய்க்குக் கிடைக்கும் தண்ணீர் பாட்டில் மேலே ஏன் அந்த விலை என்று. மலை ஏற ஏறச் சுமை கூலிதான் விலை என்று சொல்லிப் புரியவைப்பேன். 400 கிலோமீட்டர் உயரத்துக்கும் அதே கணக்குதான். விலையைப் பிரித்துக் காட்டினால் வாங்குகிறவருக்குக் கோபம் வராது, மரியாதை வரும். நாசா அதைச் செய்தது. அந்த 2019 பட்டியலை ஆபீஸில் எங்கள் தம்பிக்குப் படித்துக் காட்டி, கோட்டேஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

குறை என்னவென்றால், ஆக்ஸியம் தன் மொத்த விலையை அப்படிப் பலகையில் எழுதுவதில்லை. முதல் பயணத்துக்கு ஒரு சீட் 5.5 கோடி டாலர் என்று செய்திகளில் வந்தது, அன்றைக்கு 420 கோடி ரூபாய் அளவில். ஆக்ஸ்-4-க்கு இந்தியா கொடுத்தது ஏறத்தாழ 550 கோடி ரூபாய் என்று நம் பத்திரிகைகள் எழுதின. அதில் ராக்கெட்டுக்கு எவ்வளவு, நிலையத்துக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ரசீது பொதுவில் இல்லை. மக்கள் பணத்தில் வாங்கிய சீட்டுக்காவது அது வெளியில் வந்திருக்கலாம். இதை மனத்தாங்கலோடுதான் எழுதுகிறேன்.

சரி, அடுத்தது தாமதம். எந்த பேக்கேஜைப் பார்த்தாலும் நான் முதலில் தேடும் பக்கம் இதுதான், அதற்குக் காரணம் உண்டு.

2015 டிசம்பர் 1. சென்னை வெள்ளம். நான் 24 பேரோடு காசியில் இருந்தேன், அதில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். மறுநாள் ஊர் திரும்ப டிக்கெட். அன்று இரவே மீனம்பாக்கம் விமான நிலையம் மூடியாகிவிட்டது, ஓடுபாதையில் தண்ணீர். யாருடைய வீட்டுக்கும் போன் போகவில்லை. நாங்கள் தங்கியிருந்த விடுதியில் இரண்டு நாள் பரிவாகப் பேசினார்கள். மூன்றாம் நாள் காலையில் மேனேஜர் வந்து, இனி ரூமுக்கு இரண்டு மடங்கு என்றார். கையில் இருந்ததைக் கொடுத்தேன், வளையலையும் கழற்றினேன். ஒரு பாட்டி தன் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து, கங்கையில் போட வைத்திருந்த சில்லறையை என் மடியில் கொட்டினார். அந்தக் காசு விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 7-ஆம் தேதிதான் ஊர் வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து ஒரே கேள்விதான் கேட்கிறேன்: நாள் தள்ளிப்போனால் யார் செலவு?

ஆக்ஸ்-1-ல் இதே கேள்வி வந்தது. 10 நாள் பயணம், அதில் நிலையத்தில் 8 நாள் என்று புறப்பட்டார்கள். 2022 ஏப்ரல் 8 அன்று கிளம்பினார்கள். திரும்பும் நேரத்தில், முதலில் ரஷ்ய வீரர்கள் நிலையத்துக்கு வெளியே போய் வேலை பார்க்கும் விண்நடை, பிறகு கலம் இறங்க வேண்டிய கடல் பகுதியில் மோசமான வானிலை. ஒரு நாள், இரண்டு நாள் என்று தள்ளித் தள்ளி, ஏப்ரல் 25 அன்றுதான் ஃபுளோரிடா கடலில் வந்து இறங்கினார்கள். 10 நாள் 17 நாளாகிவிட்டது. ஒரு இரவின் கட்டணத்தைத்தான் மேலே பார்த்தோமே, நான் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்து மலைத்துப் போனேன். ஆனால் நாசா சொன்னது இது: இந்த மாதிரித் தாமதம் வரும் என்று தெரிந்தேதான் ஒப்பந்தம் போட்டோம், அதனால் கூடுதல் நாட்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. காசி மேனேஜர் நினைவுக்கு வந்தார். தாமதத்தை முன்கூட்டியே விலையில் சேர்த்துவிட்டு, அது நடக்கிற அன்றைக்குப் பயணியின் முகத்தைப் பார்த்துக் காசு கேட்காமல் இருக்கிறார்களே, இந்தச் சேவையில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். ராக்கெட்டைக்கூட அப்புறம்தான் சொல்வேன். இப்போது எங்கள் காசி பேக்கேஜில் இரண்டு தாமத நாளுக்கான செலவை நானே சேர்த்துவிடுகிறேன். நடக்காவிட்டால் பணம் திரும்பப் போய்விடும்.

ஆக்ஸ்-4-ல் தாமதம் புறப்படும் பக்கம் வந்தது. மே 29 என்றார்கள். பிறகு ஜூன் 8, 10, 11, 19, 22, கடைசியில் 25. எங்கள் தம்பி கேட்டான், "அக்கா, ஆறு தடவை தேதி மாத்திட்டாங்களே, கஸ்டமர் சண்டைக்கு வர மாட்டாங்களா?" நியாயமான கேள்விதான். நான்கு பேரும் ஏறக்குறைய ஒரு மாதம் வெளி ஆட்களோடு பழகாமல் தனிமையில் இருந்தார்கள், காய்ச்சல் சளியை மேலே கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக.

ஆனால் ஒவ்வொரு தாமதத்துக்கும் என்ன காரணம் என்று பாருங்கள். ஒரு தடவை காற்று. அடுத்த தடவை, ராக்கெட்டின் எஞ்சினை எரித்துப் பார்த்த பின் சோதித்ததில் திரவ ஆக்ஸிஜன் கசிவது தெரிந்தது. அப்போது இஸ்ரோ தலைவர் வி. நாராயணனும் அவருடைய குழுவும் அங்கேயே இருந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், வாழ்நாளெல்லாம் குளிர்விக்கப்பட்ட எரிபொருள் எஞ்சின்களோடு வேலை பார்த்தவர். கசிவைச் சரிசெய்து, மறுபடி சோதித்துக் காட்டிய பிறகுதான் பறக்க வேண்டும் என்று அவர்கள் தரப்பில் உறுதியாக நின்றார்கள். அதற்குப் பிறகு நிலையத்தின் ரஷ்யப் பகுதியில், ஸ்வெஸ்தா என்ற கூட்டின் பின்பக்கத்தில், நெடுநாளாக இருந்த காற்றுக் கசிவைச் சரிசெய்திருந்தார்கள். அழுத்தம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்து முடியும் வரை நாசா காத்திருக்கச் சொன்னது.

தம்பியிடம் சொன்னேன்: வண்டியில் கோளாறு என்றால் வாங்கியவர் ஏற மாட்டேன் என்கிறார், விற்றவர் சரிசெய்து தருகிறார். ரூமில் கோளாறு என்றால் ரூம்காரரே வராதீர்கள் என்கிறார். மூன்று தரப்பும் தன் தன் வேலையைச் செய்திருக்கிறது. மலைப் பாதையில் பிரேக் சத்தம் கேட்டு நான் பஸ்ஸை நிறுத்தச் சொன்ன நாட்களில் என்னைத் திட்டாத குரூப் கிடையாது. திட்டட்டும்.

ஆக, ஜூன் 25. இந்திய நேரம் மதியம் 12:01. தெருவில் ஆட்டோ ஹார்ன், பக்கத்து ஜெராக்ஸ் கடையின் மெஷின் சத்தம், என் மேஜையில் உள்ளங்கை அகலத் திரை. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். டீ கொண்டுவந்த பையனும் டம்ளர் தட்டோடு அப்படியே நின்றான். ராக்கெட் எழும்பியபோது ஐயா கைகூப்பினார், வாயில் ஏதோ முணுமுணுத்தார். எட்டு நிமிடத்தில், தூக்கிக்கொண்டு போன முதல் அடுக்கு திரும்பி வந்து தரையில் நிமிர்ந்து நின்றது. அது இரண்டாவது தடவை பறந்த அடுக்கு. மேலே போன டிராகன் கலம் மட்டும் புத்தம் புதியது, அதற்குக் கிரேஸ் என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் நின்றதும், கலத்துக்குள் ஒரு வெள்ளை அன்னப் பொம்மை கயிற்றின் நுனியில் மெல்ல மிதந்து எழுந்தது. எடை போய்விட்டது என்று காட்டுவதற்கு அந்தப் பொம்மை.

"சரஸ்வதி வாகனம்மா," என்றார் ஐயா. முப்பத்திரண்டு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவர். குரல் தழுதழுத்தது.

கிளம்பியதிலிருந்து நிலையத்தில் போய் இணைய 28 மணி நேரம். கிட்டத்தட்ட இங்கேயிருந்து ரயிலில் டில்லி போகிற நேரம். மறுநாள் மாலை 4 மணிக்கு இணைந்த பிறகும் கதவு உடனே திறக்கவில்லை, காற்று கசிகிறதா என்று இரு பக்கமும் சோதித்துவிட்டுத்தான் திறந்தார்கள்.

அழைத்துப் போகிறவர் யார் என்பது எனக்கு மிக முக்கியம். ஆக்ஸ்-4-ன் கமாண்டர் பெக்கி விட்சன். 65 வயது. அந்தப் பயணத்துக்கு முன்பே நான்கு முறை நிலையத்தில் தங்கியவர், இந்த ஐந்தாவது முறையோடு விண்வெளியில் மொத்தம் 695 நாள். அமெரிக்கர் வேறு யாரும் அத்தனை நாள் இருந்ததில்லை. ஆக்ஸ்-1-க்குப் பிறகு நாசா ஒரு விதி போட்டது, இப்படிப்பட்ட பயணத்தில் நாசாவின் முன்னாள் விண்வெளி வீரர் ஒருவர்தான் கமாண்டராக இருக்க வேண்டும் என்று. மிகச் சரி. காசியில் எந்தப் படித்துறை வழுக்கும், எந்தச் சந்தில் இரவில் போகக் கூடாது என்று வரைபடம் சொல்லாது, பலமுறை போய் வந்தவர்தான் சொல்வார். கதவு திறந்து உள்ளே போன அன்று சுக்லாவுக்கு 634 என்ற எண்ணுள்ள விண்வெளி வீரர் சின்னத்தைப் பெக்கி விட்சனே கொடுத்ததைப் பார்த்தேன். விண்வெளியில் பூமியைச் சுற்றி வந்தவர்களில் 634-ஆவது ஆள். குரூப்பில் முதல் தடவை வருகிற ஆளைப் பெரியவர் ஒருவர் கைபிடித்து அழைத்துப் போவது போல் இருந்தது.

பயணத் திட்டத்தில் ஆக்ஸ்-1 ஒரு தப்பு செய்தது. போனவுடனே வேலை. அதன் கமாண்டர் மைக்கேல் லோபஸ்-அலெக்ரியாவே திரும்பி வந்து சொன்னார், முதல் சில நாட்களின் அட்டவணை மிக நெருக்கமாக இருந்தது, நினைத்ததைவிட ஒவ்வொன்றுக்கும் அதிக நேரம் பிடித்தது என்று. நிலையத்தில் ஏற்கெனவே இருந்த வீரர்கள் தங்கள் வேலையை விட்டு இவர்களுக்கு உதவ வேண்டியதாயிற்று. எங்கள் தொழிலில் இது பாலபாடம்: போய் இறங்கிய அன்று கோயில் வைக்காதே. இரண்டு நாள் ரயிலில் வந்தவரை அன்று மாலையே படித்துறைக்கு இழுத்துப் போனால், மறுநாள் திதி கொடுக்கும்போது மயங்கி விழுவார். அங்கே உடம்புக்கு நடப்பது அதைவிடப் பெரிது. மேல் கீழ் என்பது இல்லை, ரத்தமும் நீரும் தலைக்கு ஏறும், வயிறு புரட்டும். சுக்லாகூட முதலில் உடம்பு அவ்வளவு சரியாக இல்லை, நிறையத் தூங்கினேன் என்றுதான் சொன்னார். அதை மறைக்காமல் சொன்னதற்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

தங்குமிடம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அப்போது நிலையத்தில் ஏற்கெனவே 7 பேர், இவர்களோடு 11. விருந்தாளிகள் ஆளுக்கொரு அறையை எதிர்பார்க்கக் கூடாது, தூக்கப் பையைச் சுவரில் கட்டிக்கொண்டு கிடைத்த இடத்தில் தூங்க வேண்டும். 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று, அதனால் ஒரு நாளைக்கு 16 சூரிய உதயம். ஏழு ஜன்னல் வைத்த குப்போலா என்ற கூண்டு இருக்கிறது, அதிலிருந்து பூமியைப் பார்க்கலாம். அந்த ஒரு இடத்துக்காகவே போகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சாப்பாடு. எங்கள் ஆட்கள் எங்கே போனாலும் பையில் புளியோதரையும் இட்லிப் பொடியும் இருக்கும். அங்கே பொடி எடுபடாது. உதிர்கிற எதுவும் மிதந்துபோய் மூக்கில், கண்ணில், இயந்திரத்தில் நுழையும். உப்பும் மிளகும்கூட அங்கே திரவமாகத்தான் தருகிறார்கள், ரொட்டிக்குப் பதில் சப்பாத்தி மாதிரி இருக்கும், துகள் உதிராத டார்ட்டியா. சுக்லா எடுத்துப் போனது கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு. ஒட்டும், உதிராது. யோசித்து எடுத்திருக்கிறார்கள். நம் புளிக்காய்ச்சல் அங்கே தாராளமாகப் போகும் என்று நினைக்கிறேன், சோற்றோடு பிசைந்து பையில் அடைத்தால்.

போனவர்கள் சும்மா ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வரவும் இல்லை. ஆக்ஸ்-4-ல் 31 நாடுகளுக்காக 60-க்கும் மேற்பட்ட ஆய்வுகள். நம் பங்கில் ஏழு. வெந்தயத்தையும் பாசிப்பயறையும் அங்கே முளைகட்ட வைத்துப் பார்த்தார்கள். ஈரத்துணியில் முடிந்து வைத்த பயறு காலையில் வெள்ளையாக வால் விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எடையில்லாத இடத்தில் அந்த வால் எந்தப் பக்கம் போகும் என்று ஐயா என்னிடம் கேட்டார். நானும் அன்று இரவு ஒரு கைப்பிடி ஊறவைத்துவிட்டு, காலையில் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சியைச் சொல்லாமல் விடக் கூடாது. இதில் பணம் கட்டியதும் பை தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. பல மாதப் பயிற்சி: கலத்தை இயக்குவது, தீப்பிடித்தால், காற்றழுத்தம் இறங்கினால், நச்சு வாயு கசிந்தால் என்ன செய்வது, கழிப்பறையை எப்படிப் பயன்படுத்துவது வரை. இந்தியா சுக்லாவோடு பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயரையும் மாற்று வீரராக அனுப்பிப் பயிற்சி எடுக்க வைத்தது. வயது தடையில்லை என்பது நல்ல செய்தி. ஆக்ஸ்-1-ல் போன லேரி கானருக்கு 72 வயது. ஐயாவுக்கு இப்போது 71. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் அவருக்கு நான் உண்மையையும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் பயணத்தில் கமாண்டரைத் தவிர மூன்று பேரும் சொந்தப் பணத்தில் போனவர்கள். இரண்டாவதில் ஒருவர்தான் அப்படி, மற்ற இருவரை சவூதி அரசு அனுப்பியது. மூன்றாவதில் இத்தாலி, துருக்கி, ஸ்வீடன். நான்காவதில் இந்தியா, போலந்து, ஹங்கேரி. தனி ஆள் வாங்கும் சீட்டாகத் தொடங்கியது, நாடுகள் வாங்கும் சீட்டாக மாறிவிட்டது. பணம் இருந்தாலும் தனி ஆளாகப் போய் நிற்பது இப்போது கடினம். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது, பிடித்ததற்குக் காரணம் நம் நாடு அதை வாங்கிய விதம். 1984-ல் ராகேஷ் சர்மா போய் 41 வருடம் கழித்து ஒரு சீட் வாங்கி, அதில் போனவர் கற்றுக்கொண்டு வந்ததை, நம் சொந்த ராக்கெட்டில் ஆட்களை அனுப்பும் ககன்யான் திட்டத்தில் பயன்படுத்தப் போகிறார்கள். இரவல் வண்டியில் ஒரு தடவை வழி பார்த்துவிட்டு, அடுத்த தடவை சொந்த வண்டி. ககன்யானுக்குத் தேர்வான நால்வரில் ஒருவர் அஜித் கிருஷ்ணன், இந்தச் சென்னையில் பிறந்தவர். கிளம்பப் போகும் இடமும் நமக்கு வடக்கே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டா.

திரும்பும் பயணம். 14 நாள் வரை என்றது 18 நாள் தங்கலாகி, ஜூலை 14 மாலை நிலையத்திலிருந்து பிரிந்தார்கள். கீழே வர 22 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜூலை 15, நம் நேரம் மதியம் 3:01-க்குக் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே கடலில் இறங்கினார்கள். நான்கு பாராசூட்டும் விரிந்ததைப் பார்த்த பிறகுதான் நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். குரூப் ஊர் வந்து சேர்ந்து, கடைசி ஆள் வீட்டுக்குப் போய்ப் போன் பண்ணும் வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. பழக்கம்.

மதிப்பெண் கேட்டால், 5-க்கு 4. ஒன்றைக் குறைத்தது, மொத்த விலையைப் பிரித்துக் காட்டாததற்கு. முதல் பயணத்தின் அட்டவணைக்கும் குறைத்திருப்பேன், ஆனால் தவறு என்று அவர்களே வெளியில் சொன்னார்கள், அது போதும். வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். இந்த நிலையத்தை 2030-க்குப் பிறகு கடலில் இறக்கிவிடத் திட்டம். ஆக்ஸியம் சொந்த நிலையம் கட்டும் வேலையில் இருக்கிறது. புது இடத்தில் தாமத நாளுக்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

இலவசமாக ஒரு பங்கு நமக்கும் இருக்கிறது. நாசாவின் ஸ்பாட் த ஸ்டேஷன் என்ற செயலியில் சென்னை என்று கொடுத்தால், நிலையம் நம் தலைக்கு மேல் எப்போது போகும், எந்தத் திசையில் தோன்றும் என்று சொல்லிவிடும். ஜூலை இரண்டாம் வாரம், சுக்லா மேலே இருந்தபோதே, ஐயாவைப் புரசைவாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு வரச் சொன்னேன். மழை மேகம் சற்று விலகியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துணிக்கொடியை விலக்கிவிட்டு நின்றோம். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தது. விமானம் போல மினுக்கவில்லை, சத்தமில்லை. வெள்ளிக்கிழமை ஏற்றும் விளக்கைப் போல ஒரே சீரான வெளிச்சம், தென்னை மரத்துக்கு மேலே ஏறி, செல்போன் டவரைத் தாண்டி, வானத்தின் பாதி வரை போனது. பிறகு பூமியின் நிழலுக்குள் நுழைந்து, திரி குறைந்த மாதிரி மங்கி மறைந்தது. நான்கு நிமிடம் இருக்கும்.

ஐயா மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினோரு பேரும்மா அதுக்குள்ள," என்றார். அப்புறம் படி இறங்கும்போது, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நோட்டுல எழுதினதை அடிச்சுடாதம்மா" என்றார்.

கயா போய் நல்லபடியாக வந்து சேர்ந்தார். நோட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது. நிலை என்ற கட்டத்தில் மட்டும் பழையதை அடித்துவிட்டு, "விசாரித்தாயிற்று, சீட் இல்லை, காத்திருக்கிறார்" என்று எழுதியிருக்கிறேன்.